கயிற்றைத் தள்ளுவது

வட்டியைக் குறைத்தாயிற்று, வங்கிகளிலும் பணம் தாராளமாகக் கிடக்கிறது. ஆனால் கடன் கேட்டு வர ஆள் இல்லை. மைய வங்கி இப்படிக் கையைப் பிசையும் நிலையைத்தான் ஆங்கிலத்தில் ‘புஷ்ஷிங் ஆன் எ ஸ்ட்ரிங்’, அதாவது கயிற்றைத் தள்ளுவது, என்கிறார்கள். கயிற்றால் இழுக்கலாம், தள்ள முடியாது.

பலர் இதைப் பிரிட்டிஷ் பொருளியலாளர் கெயின்ஸின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பதிவில் இருப்பதோ வேறு. 1935 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன், மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் மாரினர் எக்கிள்ஸ் சாட்சியம் சொன்னார். மந்தத்திலிருந்து மீள மைய வங்கியால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்றார். கயிற்றைத் தள்ள முடியாது என்கிறீர்களா என்று கேட்டவர் கோல்ட்ஸ்பரோ என்ற உறுப்பினர். அழகாகச் சொன்னீர்கள் என்று எக்கிள்ஸ் ஏற்றுக்கொண்டார். ஆக, சொல் கோல்ட்ஸ்பரோவுடையது, புகழ் எக்கிள்ஸுக்கு!

எக்கிள்ஸ் பேராசிரியர் அல்லர். யூட்டா மாநிலத்து வங்கிக்காரர். 1931இல் போட்ட பணத்தை எடுக்கக் கூட்டம் முண்டியடித்தபோது, சில்லறை நோட்டுகளாக, ஒவ்வொரு கையெழுத்தையும் சரிபார்த்து, மெதுவாக எண்ணிக் கொடுக்கச் சொன்னவர். பயந்துபோன மனிதன் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கடன் வாங்க மாட்டான் என்பதை அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று கற்றிருந்தார். அதனால்தான், துண்டு விழுந்தாலும் அரசே செலவு செய்ய வேண்டும் என்று 1933லேயே வாதாடினார். இதே வாதத்தை வைத்த கெயின்ஸின் பெரிய நூல் வந்தது 1936இல்தான்.

சரி, இழுத்தால்? இழுபடும். 1936–37இல் வங்கிகள் கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய கையிருப்பு விகிதத்தை எக்கிள்ஸின் வாரியமே மூன்று தவணையில் இருமடங்காக்கியது. 1937இல் பொருளாதாரம் மறுபடி சரிந்தது. அரசு செலவைச் சுருக்கியதும் காரணம்தான். ஆனாலும் கயிற்றுக்குப் பங்கில்லை என்று சொல்வது கடினம்.

தமிழில் ‘கயிற்றைத் தள்ளுதல்’ என்று மொட்டையாக எழுதினால் பொருள் நிற்காது. எந்தக் கயிறு, எதைக் கட்டிய கயிறு? ‘தும்பை விட்டு வாலைப் பிடிப்பது’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தும்பு என்பது மாட்டைக் கட்டும் கயிறு. ஓடுகிற மாட்டைத் தும்பால் நிறுத்தலாம், படுத்த மாட்டைத் தும்பால் தள்ளி எழுப்ப முடியாது. என் தேர்வு ‘தும்பால் தள்ளுவது’. தும்பைப் பூவோடு குழம்பும் என்று அஞ்சுபவர்கள் ‘மாட்டுக்கயிற்றால் தள்ளுவது’ என்று எழுதலாம்.