கன்று வீசிய மாடும் காணாமல் போன 702 எழுத்தும்

போன மாதம் ஒரு நாள் விடிகாலையில் போன். ஏழு மாதச் சினை மாடு கன்று வீசிவிட்டதாம். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா வெறுங்கையாலேயே நஞ்சுக்கொடியை இழுத்து, செத்த கன்றோடு குப்பைக்குழியில் போட்டுவிட்டு, வாளித் தண்ணீரில் கை அலம்பிக்கொண்டிருந்தார். "கன்னா இருக்கும்போதே ஊசி போட்டோமே டாக்டர், அந்த ஊசியே இப்படிப் பண்ணிருக்குமா?" என்றார்.

நியாயமான கேள்வி. கன்று வீச்சு நோயைக் கொடுப்பது புரூசெல்லா அபார்டஸ் என்ற பாக்டீரியா. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் எஸ்19 தடுப்பூசியும் அதே பாக்டீரியாதான், உயிருள்ளது, ஆனால் வீரியம் குறைந்தது. ரத்தப் பரிசோதனை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளை மட்டும் பார்ப்பதால், அது ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்பதில் சில நேரம் குழப்பம் வரும்.

கிருமியின் டிஎன்ஏவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் மரபணு வரிசையில் அந்தக் குழப்பம் இல்லை. இந்தக் கிருமியின் மொத்த மரபணுத்தொகுதி இரண்டு குரோமோசோம்களில் ஏறக்குறைய 33 லட்சம் எழுத்து. எஸ்19-இல் ஓரிடத்தில் 702 எழுத்து அப்படியே இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிடால் என்று சர்க்கரை மாதிரி ஒரு பொருள் நிறைய இருக்கும், வெளியில் திரியும் கிருமி அதை விரும்பித் தின்று அங்கே பெருகுகிறது; அதைச் செரிக்க உதவும் மரபணுக்களில்தான் எஸ்19-க்கு இந்த ஓட்டை. ஊசிக் கிருமியா வெளிக் கிருமியா என்று தெரிய அந்த ஓர் இடத்தை மட்டும் பிசிஆரில், அதாவது டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு நகலெடுத்துப் பார்க்கும் சோதனையில், பார்த்தாலே போதும். வெளிக் கிருமி என்றால், முழு வரிசையையும் படித்து மற்றப் பண்ணைகளில் கிடைத்ததோடு ஒப்பிட்டு, சந்தையில் வாங்கிய மாட்டோடு வந்ததா, பக்கத்துத் தொழுவத்திலிருந்து வந்ததா என்றுகூடத் தடம் பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் மாதிரி இருந்தால்தானே! குழியை எட்டிப் பார்த்தேன், நாய்கள் பாதியை இழுத்துப் போயிருந்தன. அவை போன வழியெல்லாம் கிருமி. மிச்சத்தில் கையுறையோடு ஒரு துண்டு எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

அதனால் சொல்கிறேன், சினை மாடு கன்று வீசினால் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள், மூடி வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், மாதிரி எடுத்தபின் மீதியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கலாம். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். அப்புறம், தொட்டவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, ராத்திரி வியர்வை என்று வந்தால், மாடு கன்று வீசிய விஷயத்தை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த அம்மாவிடமும் அதைத்தான் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.