'ரசிகர் உரிமை' என்பது தவறு

மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் மறுபடியும் 'ரசிகர் உரிமை' கண்ணில் பட்டது. காசு வாங்காமல் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவரை, அடுத்த அத்தியாயம் எங்கே என்று வாசகர்கள் ஏசுவதைப் பற்றிய கட்டுரை. ஃபேன் என்டைட்டில்மென்ட் என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். தனக்குச் சேர வேண்டியதுபோல ரசிகர்கள் அதட்டிக் கேட்பதைத் திட்டும் வசைச் சொல் அது. தமிழில் வந்ததோ, ரசிகர்கள் சங்கம் வைத்துப் போராடிப் பெற்ற ஏதோ ஒன்றைப் போல ஒலிக்கிறது.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'டிடுலுஸ்' என்றால் பெயர் பொறித்த பலகை. அதிலிருந்து வந்தது டைட்டில்; தலைப்பு, பட்டம், சொத்துரிமை எல்லாம் அதில் அடக்கம். சட்டத்தில் என்டைட்டில்மென்ட் என்பது ஒருவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு (1980), பதிலுக்கு எந்தப் பொறுப்பும் ஏற்காமல் தனிச்சலுகையை எதிர்பார்க்கும் குணத்துக்கும் இந்தச் சொல்லையே வைத்தது. ரசிகர்களைத் திட்டும்போது வருவது இந்தப் பொருள்தான்.

சட்டப்படி பார்த்தாலும் 'உரிமை' இங்கே நிற்காது. நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986இலும் சரி, 2019இலும் சரி, கட்டணமில்லாமல் செய்து தரும் சேவையை 'சேவை' என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. கட்டற்ற மென்பொருளுக்கான ஜி.பி.எல். என்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் (1991), இதற்கு உத்தரவாதம் கிடையாது என்று பதினோராம் பிரிவில் பளிச்சென்று சொல்லிவிடுகிறது. இல்லாத உரிமையை உரிமை என்றே பெயர்த்தால், ஏசுகிறவன் பக்கம் தீர்ப்பு எழுதிக் கொடுத்ததாகாதா?

'உரித்துணர்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். 'உரித்து' இலங்கைச் சட்டத்தமிழில் நன்றாகப் புழங்கும் சொல். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 'உணர்வு' ஒட்டியதும் சுதந்திர உணர்வு, இன உணர்வு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'உரிமையுணர்வு' இன்னும் மோசம். "உரிமையோடு கேட்கிறேன்" என்றால் தமிழில் அது பாசம்.

பொருத்தமான சொல் கையிலேயே இருக்கிறது: உரிமை கொண்டாடுதல். பெற்றவர்களை எட்டிப் பார்க்காதவன் சொத்துக்கு வந்து நின்றால் "உரிமை கொண்டாட வந்துட்டான்" என்போமே, அந்தக் குத்தல் வேண்டும். 'பாத்தியதை கொண்டாடுதல்' என்றாலும் சரி. ஆனால் அது பத்திரக்காரர்களோடு போய்விட்டது. ஒரு தீவுக்கு இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடுவதாகப் பத்திரிகைகள் எழுதும்போது குத்தல் இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் உரிமை உண்டென்று அங்கேயும் யாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. நமக்குத் தேவை அதுதான்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்னவோ வினைச்சொல் என்றாலே பயம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் ஒன்றை ஒட்டவைத்தே ஆக வேண்டும். ஃபேனை 'விசிறி' ஆக்கி நம்மைக் காற்று வீசவைத்ததும் இந்தக் கூட்டம்தான். ரசிகர் வடமொழி என்று முகம் சுளிப்பவர்கள் 'சுவைஞர்' என்று எழுதட்டும். விசிறி மட்டும் வேண்டாம்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற மென்பொருளின் கதையை வைத்துச் சோதித்துப் பாருங்கள். பின்லாந்தின் லாசே காலின் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்ட வேலை. 2022இல் சிலர் ஏன் தாமதம் என்று நச்சரித்தார்கள். இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்று அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. பிறகு பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட 'உதவியாளர்' புகுத்திய பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி) 2024 மார்ச்சில் பிடிபட்டது. நச்சரித்தவர்களும் அதே சதித்திட்டத்தின் போலிக் கணக்குகள் என்றே பலரும் சந்தேகிக்கிறார்கள். இதை 'பயனர் உரிமை' என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. 'பயனர்கள்போல வந்து உரிமை கொண்டாடினார்கள்' என்று எழுதினால் விளங்கிவிடும்.