ஆடிப்பாவையும் கோக்கோ டப்பாவும்

டச்சு மொழியின் பின்நவீனத்துவ நாவல்களைப் (இலக்கணப்படி ‘பின்னவீனத்துவம்’தான்; அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு) பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை போன மாதம் திருத்தத்துக்கு வந்தது. அதில் ‘ஆடிப்பாவை விளைவு’ (ஆடி என்றால் கண்ணாடி) என்று பதினோரு இடத்தில் இருந்தது. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். இதே தொடரை இதற்குமுன் இரண்டு கட்டுரைகளில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருந்தேன்.

மூலச்சொல் ‘ட்ரொஸ்ட எஃபெக்ட்’. ட்ரொஸ்ட என்பது நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் தொடங்கிய கோக்கோ கம்பெனி. 1904 முதல் வந்த அதன் டப்பாவில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு செவிலி தட்டு ஏந்தி நிற்பாள். தட்டில் ஒரு கோப்பை, பக்கத்தில் அதே டப்பா. அந்த டப்பாவிலும் அவளே, அவள் தட்டிலும் டப்பா. இப்படி ஒரு படமோ கதையோ தன்னையே தனக்குள் வைத்திருப்பதற்கு 1970களின் இறுதியில் நிகோ ஸ்கேப்மாக்கர் என்ற பத்தி எழுத்தாளர் இந்தப் பெயரைப் பரப்பினார். பிரெஞ்சில் இதற்கு ‘மீஸ் ஆன் அபீம்’ என்று பெயர். கேடயத்தின் நடுவே சின்னக் கேடயம் வரையும் வழக்கத்திலிருந்து 1893இல் எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் எடுத்த உவமை அது. அதைச் சொல்லுக்குச் சொல் ‘பாதாளத்தில் வைத்தல்’ என்று பெயர்த்தவர்களும் உண்டு. சரி, அவர்களை விட்டுவிடுவோம்.

ஆடிப்பாவை அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் குறுந்தொகை எட்டாம் பாட்டில் அது எதற்கு வருகிறது? தன் வீட்டில் மனைவி சொன்னபடியெல்லாம் ஆடும் தலைவனைப் பரத்தை கேலி செய்கிறாள்: நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல அவன் இருக்கிறானாம். அங்கே பாவைக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. முன்னால் ஆள் நகர்ந்தால் அதுவும் போயிற்று. டப்பாவில் நடப்பது வேறு. வெளியே யாரும் நிற்கவில்லை. டப்பா தன்னையே தனக்குள் வைத்திருக்கிறது. சங்கச் சொல் என்பதற்காக எதன் தலையிலும் அதைக் கவிழ்த்துவிடுவது தூய்மை ஆகாது, சோம்பல்தான்.

‘கதைக்குள் கதை’ போதாதா என்று கேட்பார்கள். போதாது. வேதாளம் சொல்லும் கதைகளில் விக்கிரமாதித்தன் இல்லை. வனபருவத்தில் சூதில் நாடிழந்த தருமனுக்குச் சூதில் நாடிழந்த நளன் கதையைச் சொல்கிறார்கள். இது கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் அங்கேயும் நளன் தருமனின் சாயல்தான், பாரதமே அதற்குள் இல்லை. பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதியான ஃப்ளாண்டர்ஸைச் சேர்ந்த ஹ்யூகோ க்ளவுஸ் 1983இல் எழுதிய ‘பெல்ஜியத்தின் துயரம்’ நாவலைப் பாருங்கள். முதல் பாகத்தை நாம் படித்து முடித்த பிறகு, அதை எழுதியவனே அதன் நாயகன் லூயிதான் என்று இரண்டாம் பாகத்தில் தெரிகிறது. நாம் கையில் பிடித்திருந்த பக்கங்களே கதைக்குள் ஒரு கையெழுத்துப் பிரதியாகக் கிடக்கின்றன. தட்டில் டப்பா!

‘விளைவு’ இன்னொரு தொல்லை. எஃபெக்ட் என்று கண்ணில் பட்டாலே கை தானாக விளைவு என்று எழுதிவிடுகிறது. கோக்கோ குடித்தால் வயிற்றுக்கு என்ன ஆகும் என்பதா இங்கே பேச்சு? ஒன்றிலிருந்து ஒன்று விளைந்தால் விளைவு. இங்கே எதுவும் விளையவில்லை, இருப்பது ஓர் அமைப்பு. அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு இரண்டாம் பொருள் வரை விரல் நகராது.

நான் ‘தன்பொதிவு’ என்று போட்டேன். தன்னைத் தனக்குள் பொதிந்துகொள்வது. ‘இந்த நாவலில் தன்பொதிவு இருக்கிறது’ என்று சொல்லலாம், ‘தன்பொதிவுப் படம்’ என்றும் வரும். வகுப்பில் முதல் தடவை சொல்லும்போது டப்பாவுக்குள் டப்பா என்று சொல்லிவிட்டு அப்புறம் இதைப் பலகையில் எழுதினால் போதும். ட்ரொஸ்ட கம்பெனி அடிக்குறிப்பில் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் பத்து இடத்தில் ஒப்புக்கொண்டார். தலைப்பில் மட்டும் ஆடிப்பாவைதான் வேண்டுமாம், அழகாக இருக்கிறதாம்.