சவுக்கங்காட்டுத் தரை ஏன் வெறுமையாகக் கிடக்கிறது?

சவுக்கு, பைனஸ் இனமல்ல. தூரத்துப் பார்வைக்கு ஊசியிலையும் கூம்புக்காயும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இது பூக்கும் தாவரம். மட்டக்களப்புக் கரையோரம் கல்லடியிலோ நாவலடியிலோ உதிர்ந்து கிடக்கும் ஓர் 'ஊசி'யை எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் ஆறு முதல் எட்டு வரை நுண்ணிய பற்கள் வட்டமாக நிற்கும். அவைதான் இலைகள். நாம் இலை என்று நினைக்கும் பச்சைப் பகுதி உண்மையில் மெல்லிய தண்டு.

அசல் பைனஸும் இலங்கைக்குரிய மரமல்ல. மலைநாட்டில் நிற்பவை பெரும்பாலும் கரிபியன் பகுதியிலிருந்து கொண்டுவந்து நட்ட இனம். உறவே இல்லாத இந்த இரண்டு மரங்களுக்கும் அடியில் தரை மட்டும் ஒரே மாதிரி இருக்கிறது: பழுப்புச் சருகு, அதற்கு மேல் அநேகமாக ஒன்றுமில்லை.

நிழல்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சவுக்கின் நிழல் மெல்லியது, வெயில் சல்லடையாக இறங்கும். தடை சருகில் இருக்கிறது. உக்குவதைத் தாமதிக்கும் தனின், லிக்னின் என்ற பொருள்கள் நிறைந்த அந்த ஊசிகள், காய்ந்த மணலில் எளிதில் உக்குவதில்லை. ஒன்றோடொன்று பின்னி மெத்தையாகிவிடும். இடையில் பெய்யும் சிறுமழையை மெத்தையே குடித்துவிடுகிறது. மேலே விழுந்த சிறு விதை அந்த ஈரத்தை நம்பி முளைக்கும். அதன் வேர் மணலைத் தொடுவதற்குள் மெத்தை காய்ந்துவிடும். தப்பிப் பிழைத்து மணலுக்குள் போனாலும் அங்கே தாய்மரத்தின் மேல்வேர்கள் ஈரத்துக்கு முந்திக்கொண்டு நிற்கும்.

இத்தனைக்கும் சவுக்கு மண்ணுக்கு வளம் சேர்க்கும் மரம். வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதில் பெரும்பங்கு உக்காத சருகுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். இந்தப் பொறியில் சவுக்கே மாட்டிக்கொள்வதுதான் வேடிக்கை. ஒரு கிராமில் பல நூறு விதைகள் அடங்கும் அளவுக்கு அதன் விதை சிறியது. அதனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரம் நட்ட தோப்புகளில் ஒரே வயது மரங்கள் வரிசையாக நிற்கும், குட்டிச் சவுக்கைக் காண்பது அரிது.

அப்படியானால் அங்கே முளைப்பது எது? கடலைப் பார்த்த விளிம்பில் அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்ற புல்லும். திரண்டால் மிடுக்கு என்று நாம் சொல்லும் அடம்பன், நகரும் மணலில் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். ஆனால் வெயில் வேண்டும், நிழல் தொடங்கும் இடத்தில் அதன் ஓட்டம் நின்றுவிடும். உள்ளே வேம்பும் நாயுண்ணியும் சூரையும் வரும். பறவைகள் தின்று எச்சமிட்ட விதைகள் இவை, ஆகவே கிளைக்கு நேர்கீழே கூட்டமாக இருக்கும். வேப்பம் விதையில் சேமிப்பு அதிகம், வேர் சருகைத் துளைத்து இறங்கும்வரை தாக்குப்பிடிக்கும். ஆனாலும் மாரி முடிந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்குமுன் அந்த வேர் ஆழத்தை எட்டியாக வேண்டும். அடுப்புக்குச் சருகு அள்ளிய இடங்களிலும் ஒற்றையடிப் பாதையோரத்திலும் முளைப்பது கூடுதல். ஆடுகளும் அதை அறிந்து வைத்திருக்கின்றன.

பைனஸுக்கு இதில் ஒரு முன்னனுபவம் உண்டு. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க உள்ளிட்ட ஆய்வாளர்கள் பைனஸ் வரிசைகளை இடையிடையே வெட்டி, அந்த வெளியில் உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். அடர்நிழலை விட அங்கே அவை நன்றாக வளர்ந்தன. அது ஆண்டு முழுக்க மழை காணும் பூமி. மட்டக்களப்பு மணலுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

ஆனால் இங்கே அடித்தளச் செடிகளின் தேவை இன்னும் அதிகம் என்பேன். தென்னிலங்கையிலும் தாய்லாந்திலும் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த கள ஆய்வுகளில், அலையின் வேகத்தைக் குறைப்பதில் தாழையின் பின்னிய விழுதுவேர்கள் சிறந்து நின்றன. மேலே சவுக்கு, கீழே தாழை என்ற ஈரடுக்கு இன்னும் பயன்தரும் என்றும் கண்டார்கள். வெறும் சவுக்குத் தண்டுகளுக்கு நடுவே தண்ணீர் தாராளமாகப் புகுந்துவிடும். தாழங்கன்றைச் சருகு மெத்தைக்குள் செருகிப் பயனில்லை. கடற்பக்க விளிம்பில், சருகை ஒதுக்கி, ஐப்பசி மழையோடு, ஆடு எட்டாத வேலிக்குள் நட வேண்டும்.