கேரட் பாத்தியில் கிடக்கும் 'இரண்டு தலைப் பாம்பு'

மழை விட்ட மறுநாள் காலையில்தான் எனக்கு அதிகம் போன் வரும். "அண்ணே, கேரட் தோட்டத்துல ரெண்டு தலைப் பாம்பு, சீக்கிரம் வாங்க" என்பார்கள். கொடைக்கானல் பக்கத்து ஊர்களில் பாம்பு மீட்கும் வேலை செய்கிறேன். பதறிக்கொண்டு போய் நின்றால் பாதி நாள் மண்வெட்டியால் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாகத்தான் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும், ஏனென்றால் அது கேடயவால் பாம்பு, விஷமே கிடையாது, மண்புழுவைத் தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து குட்டி போடும் சாதுவான உயிர்.

இந்தப் பாம்புகளில் பலவற்றுக்கு முதலில் பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். 1830-இல் லண்டனில் பிறந்தவர். 1848-இல் மதராஸ் காலாட்படையில் சேர்ந்தார். 1857-இல் மதராஸ் வனத்துறைக்குத் தலைமை வகித்த கிளெக்ஹார்னுக்கு உதவியாளரானார், 1860-இல் அவருக்குப் பின் மதராஸ் மாகாணக் காடுகளின் பொறுப்பையே ஏற்று 1882 வரை இருந்தார். மரங்களையும் பெரணிகளையும் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர் என்றுதான் தாவரவியல்காரர்கள் அவரைச் சொல்வார்கள். எனக்கு அவர் முக்கியமாகப்படுவது வேறு காரணத்துக்காக. மலைக்குப் போகிறவர்கள் கண்ணுக்கு யானையும் காட்டெருமையும் படும். இவரோ கல்லையும் விழுந்த மரத்தையும் புரட்டி, விரல் தடிமன் பாம்புகளின் செதிலை எண்ணிக்கொண்டிருந்தார்.

1863-இல் அவர் விவரித்த ஒரு பாம்பின் அறிவியல் பெயரிலேயே நம் பழனி மலை இருக்கிறது. சிறுமலையில் கிடைத்ததற்குத் திண்டுக்கல் பெயர், இன்னொன்றுக்கு மதுரையின் பெயர். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை, இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் உள்ள இந்த மண் பாம்புகள் எல்லாவற்றையும் பற்றி 1886-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இந்தக் குடும்பத்துப் பாம்புகள் உலகத்தில் இந்த இரண்டு இடத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

சரி, இரண்டு தலைக் கதைக்கு வருவோம். இதன் தலை கூராக, சிறியதாக, கண் கடுகளவு இருக்கும். வால்தான் மொட்டையாக, சொரசொரப்பாக, மண் அப்பிக்கொண்டு தலை மாதிரி தெரியும். அந்த மண் கட்டி, பின்னால் வரும் எதிரி நுழையாதபடி வளையை அடைக்கும் மூடி போல உதவுகிறது. நக்கினால் குஷ்டம் வரும் என்று மண்ணுளிப் பாம்பைப் பற்றிச் சொல்வதையே இதன் மேலும் ஏற்றிவிட்டார்கள். குஷ்டம் ஒரு பாக்டீரியாவால் வருவது, பாம்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனால் பெடோம் விவரித்த எல்லாமே சாது அல்ல. 1862-இல் அவர் பெயரிட்ட, பெரிய செதில்கள் கொண்ட பச்சைக் குழிவிரியன் நம் மலைகளில்தான் இருக்கிறது, தேயிலைச் செடியிலும் புதரிலும் இலையோடு இலையாகச் சுருண்டு கிடக்கும், விஷமுள்ளது. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகத் தயாரிக்கப்படுவது, இந்தக் குழிவிரியன் அதில் இல்லை. அதனால் எது கடித்தது என்று மருத்துவருக்குத் தெரிந்தால் நல்லது. அதற்காகப் பாம்பைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள், எட்ட நின்று ஒரு போட்டோ போதும், அதுவும் முடிந்தால்தான். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையை அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

தோட்டத்தில் பாம்பு தென்பட்டால் கொத்துவதை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கையால் தொட வேண்டாம். கேடயவால் பாம்பாக இருந்தால் ஈரமண் கிடைத்ததும் தலையைச் செருகித் தானாக உள்ளே போய்விடும். வேறு எதுவானாலும், எந்த நேரமானாலும், எனக்கோ வனத்துறைக்கோ ஒரு போன் போடுங்கள்.