19 வெற்றி, 31 தோல்வி: சீசன் தொடக்கத்தில் ஓர் அணியை எடைபோடுவது எப்படி?

2019 மே 23. வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி நியூயார்க்கில் மெட்ஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. 50 ஆட்டங்களில் 19 வெற்றி, 31 தோல்வி. அன்று மாலை பக்கத்து வீட்டு அண்ணாச்சி வேலியோரம் நின்று கேட்டார்: "தம்பி, நீங்கதான் கணக்குப் போடுற ஆளாச்சே. இந்த வருஷம் அவ்வளவுதானா? மிச்ச டிக்கெட்டை வித்துடலாமா?"

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புள்ளியியலாளராக இருக்கிறேன். கையில் இருக்கும் கொஞ்சத் தரவை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பார்ப்பதுதான் என் தினசரி வேலை. ஒரு வட்டாரத்தில் முதல் மாதமே நான்கு பெரிய இழப்பீடுகள் வந்துவிடும். உடனே அங்கே புதிய பாலிசி கொடுப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். ஆறு மாதம் பொறுத்திருந்து பார்த்தால் அந்த வட்டாரமும் மற்ற வட்டாரங்களைப் போலத்தான் இருக்கும். பேஸ்பாலில் ஏப்ரல், மே மாதங்களில் நடப்பதும் இதே தவறுதான். அதனால் அண்ணாச்சியின் கேள்வி எனக்கு விளையாட்டுக் கேள்வியாகப் படவில்லை.

முதலில் சீசனின் நீளத்தைப் பார்க்க வேண்டும். ஐபிஎல்லில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டங்கள். மூன்று தோற்றாலே வயிற்றைக் கலக்கும். அமெரிக்க மேஜர் லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். அங்கே பத்து ஆட்டம் என்பது சீசனில் பதினாறில் ஒரு பங்கு. பொதுவாக ஐந்து பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அப்படியானால் பத்து ஆட்டங்களில் ஒவ்வொருவரும் இரண்டே முறைதான் வந்திருப்பார். ஒரு பேட்டருக்குச் சுமார் 40 வாய்ப்பு கிடைத்திருக்கும். அதில் 12 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் தளத்தை எட்டுவது) அடித்தால் சராசரி .300, நட்சத்திரம் என்கிறோம். 10 ஹிட் அடித்தால் .250, தடுமாறுகிறார் என்கிறோம். நடுவில் இருக்கும் வித்தியாசம் இரண்டு ஹிட். ஒரு பந்து ஃபீல்டரின் கையுறைக்கு அரை அடி தள்ளி விழுந்திருந்தால் அதில் ஒன்று வந்திருக்கும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. லீக்கில் உள்ள 30 அணிகளும் ஒரே பலம் கொண்டவை, ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே இருந்தாலும், முதல் பத்து ஆட்டங்களில் மூன்றோ அதற்குக் குறைவாகவோ வெல்ல ஓர் அணிக்கு 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது 30 அணிகளில் ஏறத்தாழ ஐந்து அணிகள் எந்தக் குறையும் இல்லாமலே 3-7 என்றோ அதைவிட மோசமாகவோ தொடங்கும். இருபது ஆட்டங்களில் 6-14 அல்லது அதற்கும் கீழே போக கிட்டத்தட்ட 6 சதவீதம்; 30 அணிகளில் ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டு அணிகளின் ஊரில்தான் ரசிகர்கள் தூக்கம் கெட்டுக் கிடப்பார்கள்.

6-14 என்பது நான் சும்மா எடுத்த எண் இல்லை. 2002-இல் அனஹைம் ஏஞ்சல்ஸ் அப்படித்தான் தொடங்கியது. முடிக்கும்போது 99 வெற்றி, 63 தோல்வி. அந்த ஆண்டு லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் கோப்பையும் அவர்களுக்குத்தான். எதிர்த்திசையிலும் பாருங்கள். 2023-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 20-8 என்று தொடங்கியபோது ஊரே குதித்தது. முடிவில் 76-86. முந்தைய ஆண்டு 100 ஆட்டம் தோற்ற அணி அது. நல்ல தொடக்கத்தையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் தொடக்கத் தோல்விகளுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. அந்த எண்களோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அர்த்தம் பிடிபடும்.

நான் முதலில் பார்ப்பது, சீசன் தொடங்கும் முன் அந்த அணியைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதை. எங்கள் தொழிலில் இதைத் தவிர்த்துவிட்டுத் தரவைத் தொடவே கூடாது. பேஸ்பாலுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: அணியின் இப்போதைய வெற்றி தோல்வியோடு, சராசரி அணி ஆடியதாக 70 ஆட்டங்களை, அதாவது 35 வெற்றி 35 தோல்வியைக் கூட்டு. வரும் விகிதம்தான் இனிமேல் அது எப்படி ஆடும் என்பதற்கான நிதானமான மதிப்பீடு. இந்த 70 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 70 ஆட்டம் ஆடி முடித்த பிறகுதான் அணியின் சொந்தக் கணக்குக்கும் நம் முன்னறிவுக்கும் சம எடை வருகிறது. அதற்குள் ஜூன் பாதி தாண்டிவிடும். ஏப்ரல் மாதத்தில் முன்னறிவுதான் பெரிய தட்டு.

நல்ல அணி என்று முன்பே தெரிந்தால் 35-ஐ 38, 39 ஆக்கிக்கொள்ளலாம். அண்ணாச்சிக்காக அன்று அப்படித்தான் போட்டேன். நேஷனல்ஸுக்கு வந்த விடை, சீசன் முடிவில் 73 வெற்றி. அவரிடம் அதைச் சொன்னேன். கூடவே, "விக்காதீங்க அண்ணாச்சி, இந்த 73-ஐ நானே முழுசா நம்பல" என்றும் சொன்னேன்.

ஏன் நம்பவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த 50 ஆட்டங்களை ஆடியது யார்? ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ட்ரே டர்னருக்கு ஏப்ரல் 2 அன்றே பந்து பட்டு வலது ஆள்காட்டி விரல் முறிந்தது. அவர் திரும்பி வர மே 17 ஆயிற்று, ஆறு வாரத்துக்கும் மேல். ஆன்டனி ரெண்டன், வான் சோட்டோ இருவரும் இடையில் சில நாட்கள் காயத்தால் வெளியே இருந்தார்கள். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் மூவர், மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க், பேட்ரிக் கார்பின், நலமாக இருந்தார்கள். பெரிய ஓட்டை ஒரே இடத்தில்: புல்பென், அதாவது மாற்று பிட்சர்கள். கடைசி இன்னிங்ஸ்களில் வந்து பந்து வீசுபவர்கள் கையில் இருந்த ஆட்டங்களையும் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வீட்டின் அஸ்திவாரம் சரிந்திருப்பது வேறு, கூரையில் ஓடு உடைந்திருப்பது வேறு. புல்பென் என்பது ஓடு. அதை சீசன் நடுவிலும் மாற்றலாம். ஜூலை 31-க்குள் நேஷனல்ஸ் டேனியல் ஹட்சன் உட்பட மூன்று பிட்சர்களை வாங்கியது. அக்டோபர் 30 இரவு ஹியூஸ்டனில் வேர்ல்ட் சீரிஸின் கடைசிப் பந்தை வீசியவர் அதே ஹட்சன்தான்.

மீதி 112 ஆட்டங்களில் அந்த அணி 74-ஐ வென்றது. மொத்தம் 93-69. என் மதிப்பீட்டைவிட 20 வெற்றி அதிகம். இதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மே மாதம் வரை ஆடிய அணியும் அதற்குப் பிறகு ஆடிய அணியும் ஒன்றல்ல. எண் அட்டவணை இரண்டையும் ஒரே பெயரில்தான் எழுதும்.

யார் ஆடினார்கள் என்று பார்த்த பிறகு ரன்களைப் பார்ப்பேன். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த ஒரு வாய்பாடு இருக்கிறது. எடுத்த ரன்களை வர்க்கப்படுத்து, கொடுத்த ரன்களை வர்க்கப்படுத்து. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். 2019 நேஷனல்ஸ் எடுத்தது 873 ரன், கொடுத்தது 724. வாய்பாடு 96 வெற்றி என்கிறது, நிஜத்தில் 93. ஒரு ரன்னில் தோற்ற ஆட்டங்கள் ஏழெட்டு சேர்ந்துவிட்டால் வெற்றி தோல்விப் பட்டியல் பயங்கரமாகத் தெரியும், ஆனால் ரன் கணக்கு அமைதியாக இருக்கும். அப்படி இருந்தால் பொறுத்திருக்கலாம். ரன் கணக்கும் சேர்ந்து சரிந்திருந்தால் கவலைப்பட வேண்டும்.

ஆட்டங்கள் ரொம்பக் குறைவாக இருக்கும்போது ரன்னும் ஏமாற்றும். அப்போது சீக்கிரம் நிலைக்கு வரும் விஷயங்களைத் தேட வேண்டும். பேட்டர் எத்தனை முறை ஸ்டிரைக் அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட்) ஆகிறார் என்பது சுமார் 60 வாய்ப்புகளிலேயே ஓரளவு தெளிவாகிவிடும். பேட்டிங் சராசரி தெளிவாக அதைப் போலப் பல மடங்கு வேண்டும், ஒரு சீசனே போதாது. அடித்த பந்து எங்கே விழுகிறது என்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹோம் ரன்னாகாமல் மைதானத்துக்குள் விழும் பந்துகளில் நூற்றுக்கு முப்பதை ஒட்டித்தான் ஹிட் ஆகின்றன. முதல் மாதத்தில் ஒருவருக்கு அது இருபதாக இருந்தால், பெரும்பாலும் மேலே வரும். 2015 முதல் எல்லா மைதானங்களிலும் பந்து மட்டையிலிருந்து எவ்வளவு வேகத்தில் கிளம்புகிறது என்று கருவிகள் அளக்கின்றன. வேகமாக அடித்தும் அவுட் ஆகிறாரா, மெதுவாகத் தட்டி அவுட் ஆகிறாரா என்பதை இப்போது யாரும் பார்க்கலாம்.

பிட்சரிடம் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: வேகம். போன ஆண்டு மணிக்கு 95 மைல் வீசியவர் இந்த ஏப்ரலில் 92-தான் வீசுகிறார் என்றால், அவர் வெல்கிறாரா தோற்கிறாரா என்பது இரண்டாம் பட்சம். தோளிலோ முழங்கையிலோ ஏதோ இருக்கலாம். குளிர் மாதம், உடம்பு சூடேறவில்லை என்ற காரணமும் உண்டு, ஆனால் மே நடுவிலும் அப்படியே இருந்தால் அந்த அணிக்கு உண்மையிலேயே கஷ்ட காலம்.

சரி, தொடக்கத்திலேயே கைவிட வேண்டிய அணியும் உண்டா? உண்டு. 2024 சிகாகோ வைட் சாக்ஸ் 3-22 என்று தொடங்கியது. முந்தைய ஆண்டே 101 தோல்வி. தங்கள் சிறந்த பிட்சர் டிலன் சீஸை சீசனுக்கு முன்பு, மார்ச் மாதத்திலேயே சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். முன்னறிவு, ஆட்கள், ரன் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பதில். முடிவில் 41-121, 1900-க்குப் பிறகு ஒரு சீசனில் எந்த அணியும் அத்தனை ஆட்டங்களைத் தோற்றதில்லை. கொலராடோ ராக்கீஸ் 2025-இல் 7-33 என்று இருந்தபோது மேனேஜர் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) பட் பிளாக்கை நீக்கினார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணி நூறுக்கு மேல் தோற்றிருந்தது. ஆளை மாற்றிய பிறகும் 119 தோல்வியில்தான் முடிந்தது.

ஆனால் இங்கேயும் அளவு தவறக் கூடாது. 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 21 ஆட்டங்களையும் தோற்றது. சராசரி அணிக்கு அப்படி நடக்க இருபது லட்சத்தில் ஒரு வாய்ப்புதான், ஆகவே அது மோசமான அணிதான். அந்த 21-க்குப் பிறகு 54-86 என்று ஆடியது. மோசம், ஆனால் ஊர் சிரித்த அளவுக்கு இல்லை. ஆறே ஆட்டங்களில் வேலையை இழந்தவர் மேனேஜர் கேல் ரிப்கன் சீனியர். ஆறு ஆட்டத்தை வைத்து ஒரு மனிதனைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? எனக்கு அது இன்றும் மனதை உறுத்துகிறது.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் ரசிகர்களின் வருத்தம் மட்டும் இல்லை. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி வந்துவிட்டது, ஃபோனிலேயே கட்டலாம். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர், தொடர்ந்து தோற்கும் அணிக்கு எதிராகத் தினமும் பணம் கட்டிவந்தார். "அங்கிள், ட்ரெண்டு தெளிவா தெரியுது" என்றார். அவர் பார்த்தது பன்னிரண்டு ஆட்டங்கள். அந்த அணி தோற்கிறது என்பது பந்தய விகிதம் வைப்பவருக்கும் தெரியும், அதை விலையில் ஏற்கெனவே சேர்த்திருப்பார் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. ஒரு செமஸ்டருக்கு வைத்திருந்த செலவுப் பணம் போயிற்று. பெற்றோரிடம் சொல்ல முடியாமல் இரண்டு மாதம் தவித்தார். பிள்ளைகள் கையில் இப்படி ஒரு ஆப் இருந்தால் திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். பத்து ஆட்டக் கணக்கை ஒரு நாணயத்தை வைத்துச் சுண்டிக் காட்டுங்கள். பத்துப் பத்தாக முப்பது தடவை சுண்டினால் போதும்; மூன்றோ அதற்குக் குறைவாகவோ தலை விழும் வரிசைகள் எத்தனை வருகின்றன என்று அவர்களே எண்ணட்டும்.

அண்ணாச்சி அன்று டிக்கெட்டை விற்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2022 மே மாதம், அதே வேலியோரம் அதே கேள்வியைக் கேட்டார். அணி அப்போதும் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரெண்டன் எப்போதோ போயிருந்தார். ஷெர்சரையும் டர்னரையும் முந்தைய ஜூலையில் டாட்ஜர்ஸுக்கு விற்றாயிற்று. ஸ்ட்ராஸ்பர்க் காயத்திலிருந்து மீளவே இல்லை. இந்தத் தடவை எனக்குக் காகிதமும் பேனாவும் தேவைப்படவில்லை. "வித்துடுங்க அண்ணாச்சி," என்றேன், "சோட்டோ ஆடுறதை மட்டும் பையனைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு ஆட்டம் பாத்துடுங்க." ஆகஸ்ட் 2 அன்று சோட்டோவையும் சான் டியேகோவுக்கு அனுப்பினார்கள். அணி 107 ஆட்டம் தோற்றது.