ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்

மெக்கானிக்கல் மாணவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு: பாகங்களைக் கணினியில் முப்பரிமாணமாக வடிவமைக்கும் மென்பொருள்களில் எது சிறந்தது, கேட்டியாவா, சாலிட்வொர்க்ஸா, கிரியோவா? இறுதியாண்டு நெருங்கினால் வழக்கு சூடுபிடித்துவிடும். எதில் கட்டளைகள் கைக்கு எட்டுகின்றன, எதில் படம் பளபளவென்று வருகிறது, எதன் பெயரைப் போட்டால் நேர்காணலுக்கு அழைப்பார்கள் என்று பேச்சு நீளும். இதையே அனுபவமுள்ள வடிவமைப்பாளரிடம் கேட்டால், "உங்கள் வாடிக்கையாளர் எதில் வேலை செய்கிறார்?" என்று திருப்பிக் கேட்பார். கார் நிறுவனம் கேட்டியா கோப்பு வேண்டும் என்றால், அதற்கு உதிரிபாகம் செய்து தருபவரும் கேட்டியா வாங்கித்தான் ஆக வேண்டும். அங்கே சொந்த விருப்பத்துக்கு அவ்வளவாக இடமில்லை.

மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் வழக்கில் பாதி தள்ளுபடியாகிவிடும். இத்தகைய ஒவ்வொரு மென்பொருளின் அடியிலும் வடிவியல் கணக்குகளைப் போடுகிற 'கெர்னல்' என்ற பகுதி இருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் பிரான்சின் தசோ சிஸ்டம்ஸுக்குச் சொந்தம். ஆனால் அதற்குள் ஓடும் பாராசாலிட் கெர்னல், போட்டி நிறுவனமான சீமென்ஸின் சொத்து. சீமென்ஸ் விற்கும் என்எக்ஸ், சாலிட் எட்ஜ் ஆகியவற்றுக்கும் அதே கெர்னல்தான். எனவே சாலிட்வொர்க்ஸ் கட்சிக்காரரும் சாலிட் எட்ஜ் கட்சிக்காரரும் மோதிக்கொள்வதைப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வரும்.

கெர்னல் ஒரு திடப்பொருளை அதன் தோலாகவே நினைவில் வைத்திருக்கிறது. எத்தனை முகங்கள், எந்த முகமும் எந்த முகமும் எந்த விளிம்பில் சேர்கின்றன, விளிம்புகள் எந்த முனைகளில் முடிகின்றன என்ற பட்டியல்தான் அது. ஒரு பெட்டிக்கு 6 முகங்கள், 12 விளிம்புகள், 8 முனைகள். அதில் துளை போடச் சொன்னால், துளையின் உருளைப் பரப்பு மேல்முகத்தையும் கீழ்முகத்தையும் வெட்டும் கோடுகளைக் கண்டுபிடித்து, முகங்களைக் கத்தரித்து, உள்சுவரைப் புதிய முகமாகச் சேர்க்கிறது. நேராகப் போட்ட துளைக்கு வெட்டுக்கோடு வெறும் வட்டம். இரண்டு குழாய்கள் சாய்வாகச் சந்தித்தால் வரும் வளைகோடு அவ்வளவு சாதுவானது அல்ல. பெரும்பாலும் தோராயமாகத்தான் கணிக்க முடியும். அந்தத் தோராயத்தில் இம்மியளவு பிசகினாலும் தோலில் ஓட்டை விழுந்து, திடப்பொருள் திடப்பொருளாகவே இருக்காது. நம்பகமான கெர்னலைப் புதிதாக எழுத யாரும் எளிதில் துணிவதில்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கெர்னலுக்கு வேலை வருவதற்கு முன் ஸ்கெட்ச், அதாவது பாகத்தின் தட்டையான கோட்டுப்படம், வரைய வேண்டும். இங்கேதான் மாணவரும் தொழில்முறையாளரும் பிரியத் தொடங்குகிறார்கள். 100 மி.மீ. நீளமும் 60 மி.மீ. அகலமும் உள்ள செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம். தனித்தனியாக நான்கு கோடுகள். ஒரு கோட்டுக்கு இரண்டு முனைகள், ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஆயங்கள். ஆக, மென்பொருளுக்குத் தெரியாத எண்கள் 16. மூலைகளில் முனைகளை ஒட்டவைத்தால் 8 எண்கள் குறையும். இரண்டு கோடுகள் கிடை, இரண்டு செங்குத்து என்று சொன்னால் இன்னும் 4 குறையும். நீளமும் அகலமும் கொடுத்தால் 2 போகும். ஒரு மூலையை ஆதிப்புள்ளியில் பொருத்தினால் கடைசி 2 எண்களும் போய், மிச்சம் பூஜ்யம். வடிவம் முழுதாக முடிவாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக, அந்தக் கணத்தில் சாலிட்வொர்க்ஸில் நீலக் கோடுகள் கறுப்பாகின்றன. கேட்டியாவிலும், கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேடிலும் பச்சையாகின்றன. கிரியோ நீங்கள் கொடுக்க மறந்த அளவுகளைத் தானே போட்டு நிரப்பிவிடும். புதியவர்களுக்கு அது தொந்தரவாகத் தெரியும். எனக்கு அது நல்ல கண்டிப்பாகவே படுகிறது.

இப்படி நிபந்தனை போட்டு வரைவது புதிய யோசனையும் அல்ல. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக எழுதிய ஸ்கெட்ச்பேட் நிரலிலேயே, கோடுகள் இணையாகவோ செங்குத்தாகவோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட முடிந்தது. 1982இல் வந்த ஆட்டோகேட் சாதாரணக் கணினியில் வரைபலகையைத்தான் தந்தது. அதில் கோடு வெறும் கோடு. 1980களின் இறுதியில் வந்த புரோ-எஞ்சினியர், அதாவது இன்றைய கிரியோவின் முன்னோடி, பாகம் உருவான ஒவ்வொரு படியையும் வரிசையாகப் பதிந்துவைக்கும் முறையைப் பரவலாக்கியது. ஸ்கெட்ச், அதற்குக் கொடுத்த பருமன், துளை, விளிம்பை மழுக்கும் ஃபில்லட் என எல்லாம் திரையின் இடப்பக்கம் ஒரு மரமாக நிற்கும். மேலே ஓர் எண்ணை மாற்றினால், கீழே உள்ள படிகள் அனைத்தும் மறுபடி ஓடும்.

ஓடினால் நல்லது. ஓடாவிட்டால்தான் மரம் முழுக்கச் சிவப்பு. காரணம் எளியது. "இந்த விளிம்பை மழுக்கு" என்று சுட்டியால் தொட்டுவிட்டோம். கெர்னல் ஒவ்வொரு முறையும் தோலைப் புதிதாகத் தைப்பதால் 'இந்த' என்றால் எது என்று மென்பொருள் எப்படியாவது அடையாளம் வைத்திருக்க வேண்டும். அந்த அடையாளம் 'அரசமரத்துக்கு எதிர்வீடு' என்ற முகவரி போன்றது. மரத்தை வெட்டிவிட்டால் தபால்காரர் தெருவில் நிற்பார். ஒரு முகம் மறைந்தாலோ இரண்டாகப் பிரிந்தாலோ, அதை நம்பியிருந்த ஃபில்லட் வேறு விளிம்புக்குத் தாவும் அல்லது அறுந்துவிடும். வணிக மென்பொருள்கள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. ஃப்ரீகேடின் நெடுநாள் தலைவலி இது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் கணிசமாகத் தணிந்தது.

அனுபவசாலியின் மரத்தை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். துளைகள் பக்கத்து விளிம்பிலிருந்து அளக்கப்பட்டிருக்காது, நகராத ஆதாரத் தளங்களிலிருந்து அளக்கப்பட்டிருக்கும். ஃபில்லட்டுகள் கடைசியில் வரும். மாணவர் செய்த மாதிரியில் ஃபில்லட் மூன்றாவது படியிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஐந்து படிகள் தொங்கும். மதிப்பெண்ணுக்கு இறுதி உருவம் போதும் என்பதால் யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலையில் அதே பாகத்தை வாடிக்கையாளர் மாற்றச் சொல்வார், மீண்டும் மீண்டும்.

கோப்பு கைமாறும்போது இன்னொரு சிக்கல். ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் போகப் பொதுமொழியாக ஸ்டெப் வடிவம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 10303 என்பது அதன் தர எண். அதில் பொதுவாகத் தோல் மட்டுமே போகும், மரம் போகாது. ஒரே மென்பொருளுக்குள்ளும் இந்தத் தொல்லை உண்டு. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் அணி கேட்டியாவின் 4ஆம் பதிப்பிலும், பிரான்சின் துலூஸ் அணி 5ஆம் பதிப்பிலும் வேலை செய்தன. இரண்டும் ஒரே பெயரில் இருந்தாலும் உள்ளே வேறு வேறு. ஒரு விமானத்துக்குச் சுமார் 530 கி.மீ. மின்கம்பி. ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பித் தொகுப்புகளை விமான உடலில் பொருத்தப் போனபோது பல எட்டவில்லை. பதிப்பு வேறுபாடு மட்டுமே காரணம் அல்ல என்றாலும், விமானம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாமதமாகி, 2007 அக்டோபரில்தான் முதலாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது.

மாணவர்கள் இதன் சின்ன வடிவத்தைக் கல்லூரி ஆய்வகத்திலேயே சந்திக்கிறார்கள். வீட்டில் புதிய சாலிட்வொர்க்ஸ், ஆய்வகத்தில் பழையது. பல பாகங்களைச் சேர்த்து இரவெல்லாம் செய்த அசெம்பிளி காலையில் திறக்காது. முந்தைய இரண்டு வெளியீடுகளின் வடிவில் சேமிக்கும் வசதியே 2024 வெளியீட்டில்தான் வந்தது. ஆய்வகக் கணினி அதைவிடப் பழையதாக இருந்தால், ஸ்டெப் கோப்பாக மாற்றி எடுத்துப்போகலாம், மரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு.